மாமாவின் மத்தியானச் சோதனை

மாமா,

இன்று ஃப்ரிட்ஜைக் கழுவலாம் என்று காய்கறித் தட்டை இழுத்தேன். அதன் பின்னால் உங்கள் தெர்மாமீட்டர் கிடந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது. அது மட்டும் உள்ளே படுத்து வேவு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. குப்பையில் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா சீராகக் கொடுத்த ஃப்ரிட்ஜ் அது. வந்து இறங்கிய அன்று எல்லோரும் நிறத்தைப் பார்த்தார்கள். நீங்கள் பின்பக்கம் போய்க் கம்பியைத் தொட்டுப் பார்த்தீர்கள். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர் அல்லவா? "இது குளிர உண்டாக்கல. உள்ள இருக்க சூட்ட இறைச்சு வெளிய கொட்டுது. கெணத்து பம்பு மாதிரிதான். எம்புட்டுக் கரண்டக் குடிச்சு எம்புட்டு இறைக்குன்னு பாக்கணும்லா" என்றீர்கள்.

சொன்னது சரிதான். இயற்பியல் படித்த எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் அளந்தது ஃப்ரிட்ஜை அல்ல, என் அப்பாவை. வீட்டுக்கு யார் வந்தாலும் முன்கட்டில் கரண்ட் மீட்டருக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துவீர்கள். "சம்பந்தி குடுத்த சீரு எப்படிப் பம்பரமாச் சுத்துது பாத்தீரா வே?" ஒருநாள் அப்பாவையே அங்கே நிறுத்தினீர்கள். அவர் காபித் தம்ளரைப் பார்த்தபடியே நின்றார்.

உள்ளே வைத்த தெர்மாமீட்டரைப் பார்க்க நீங்கள் ஓயாமல் கதவைத் திறப்பீர்கள். அனல் உள்ளே போகும், மோட்டார் ஓயாமல் ஓடும், மீட்டர் சுற்றும். உடனே "பாத்தியா, பாத்தியா" என்பீர்கள். நான் பால் எடுக்கத் திறந்தால் மட்டும், "ஏம்மா, குளிரு பூரா ஓடிப் போவுதுல்லா!" படித்த மனிதர் இவ்வளவு மடத்தனமாகவும் இருக்க முடியும் என்று உங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதெல்லாம் போகட்டும். பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்ததே, அதை எப்படி விடுவது? பொடியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கும் மருந்தைக் கொடுத்து, ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார் டாக்டரம்மா. காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன விலா உள்ளே ஒடுங்கும். மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"மருந்த எங்கன வச்சிருக்க?"

"ஃப்ரிட்ஜிலதான் டாக்டர்."

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா."

மறுநாள் மத்தியானம் பிள்ளையோடு கண்ணை மூடிப் படுத்திருந்தேன், தூங்கவில்லை. அடுப்படியில் மோட்டார் சத்தமே இல்லை. எழுந்து போனால் சுவிட்ச் அணைந்திருக்கிறது. மருந்துப் புட்டி வெதுவெதுவென்று இருக்கிறது. முன்கட்டில் பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் நீங்கள் பெருமையடித்துக்கொண்டிருந்தீர்கள். "மீட்டர் தட்டு அசையுதா பாரும். மத்தியானம் பூரா அணைச்சுப் போட்டாலும் உள்ள குளிரு நிக்குதான்னு சோதன பண்ணுதேன். ஒரு வாரமா நடக்கு."

புட்டியை அண்ணாச்சியின் கையில் கொடுத்தேன். "தொட்டுப் பாருங்க அண்ணாச்சி. பச்சப் பிள்ளைக்குக் குடுக்க மருந்து."

அவர் உங்களைத்தான் பார்த்தார். "ஏன்வே, சோதன பண்ண உமக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா? குளிரு நிக்குதான்னு தெரியணும்னா நீரே உள்ள போயி உக்காந்திருக்க வேண்டியதுதான!"

நீங்கள் என்னைப் பார்த்து, "பெரியவங்க பேசுத எடத்துல உனக்கு என்ன சோலி?" என்றீர்கள். பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் மகன் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை. புது மருந்து வாங்கி, அதை என் அம்மா வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுத்த பிறகுதான் காய்ச்சல் விட்டது.

அடுத்த வருஷமே உங்களுக்குச் சர்க்கரை முற்றி இன்சுலின் வந்தது. அன்றிலிருந்து அந்த சுவிட்ச் பக்கம் உங்கள் கை போகவில்லை. "வோல்டேஜ் எறங்குதும்மா, மருந்து கெட்டுரும்லா" என்று பதறினீர்கள். நீங்களே வண்ணார்பேட்டைக்குப் போய் ஸ்டெபிலைசர் வாங்கி வந்தீர்கள். மீட்டர் அப்போதும் அதே பம்பரமாகத்தான் சுற்றியது. யாரையும் அழைத்துப் போய்க் காட்டவில்லை.

நீங்கள் போனதும் துட்டி கேட்க வந்தவர்கள் "கணக்கான மனுசன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காபி ஆற்றிக்கொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மூடியிருக்க மாட்டேன்.

நீங்கள் எனக்கு விட்டுப்போனது ஒன்று உண்டு. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் மற்றத் தாய்மார் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் அடுப்படிக்கு ஓடி மருந்துப் புட்டியைத் தொட்டுப் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் என் கை பிள்ளையிடம் போகிறது.