அப்பாவின் கன்னத்துக் கொழுப்பு

மூலக்குளம், புதுச்சேரி
தவக்காலத்து மூன்றாம் ஞாயிறு

அன்பு மகள் ரூபிக்கு,

மாதாவின் துணையால் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் இந்த முறை கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் லெயாக் குட்டியும் அந்தக் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் பூசையில் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தெரு ராஜாம்பாள் மகள் பாரிசுக்குப் புறப்படுகிறாள், அவள் கையில் வடவம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே இந்தக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். நீ கூப்பிட்டாலே அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று கையைக் கிள்ளுகிறார். கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்தே அவர் உன்னிடம் முகம் காட்டவில்லை, கேமரா கெட்டுப்போச்சு, நெட்டு வரல என்று ஏதேதோ சொன்னார். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. முகத்தை உனக்குக் காட்டக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒளிகிறார். என்ன நடந்தது என்று முழுவதும் எழுதுகிறேன், படித்துவிட்டு அழாதே, அவரிடம் உடனே போன் போட்டுக் கத்தவும் செய்யாதே.

போன வருஷம் சர்க்கரை வந்து அப்பா இளைத்தது உனக்குத் தெரியும். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டது. கோவிலில் வாசகம் வாசிக்க ஏறி நின்றால், இறங்குவதற்குள் நாலு பேர் முசே, முசே என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்து உடம்புக்கு என்ன, எந்த டாக்டர், பெரிய வியாதி ஒன்றும் இல்லையே என்று கேட்பார்கள். அதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே தாண்டினார். அப்புறம் ஒரு நாள் நீ வீடியோவில் கூப்பிட்டாய். லெயா திரையைப் பார்த்துவிட்டு, தாத்தா மலாதா என்று பிரெஞ்சில் கேட்டாள், உடம்பு சரியில்லையா என்று. நீ சிரித்துவிட்டு, இப்பத்தாம்பா நெசமாவே தாத்தா ஆயிருக்கீங்க என்றாய். அவரும் சிரித்தார். போனை வைத்ததும் வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் போய்க் கன்னத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். லெயா முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பூசைக்கு நாம் பிரான்சுக்குப் போகிறோம், சம்பந்தி ஆறடி உயரத்தில் பழம் மாதிரி இருக்கிறார், போட்டோவில் அவர் பக்கத்தில் நான் எலும்புக்கூடு மாதிரி நிற்பதா என்று அன்றிலிருந்து ஒரே புலம்பல். உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எங்கே ஆரம்பித்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் கடலூரில் சின்னம்மா வீட்டில் இருந்த வாரம், என்னிடம் சொல்லாமல் ஓர் அழகு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் இடுப்பில் இறுக்கமாக ஒரு பெல்ட், முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிக் கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்திருக்கிறது. தேனீ கொட்டிவிட்டதாக்கும் என்று பதறிப்போனேன். அவர் பெருமையாகச் சொல்கிறார், வயித்துலேர்ந்து கொழுப்ப உறிஞ்சி கன்னத்துல வச்சிட்டாங்க ஞானம், நம்ம ஒடம்பு கொழுப்புதான், ஒண்ணும் ஆவாது என்று. கறிக்கடையில் ஓரமாக ஒதுக்கிப் போடுவார்களே, அதுதான் கண்முன் வந்தது. அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. ஆனால் பொய் சொல்ல மாட்டேன் ரூபி, வீக்கம் வடிந்தபிறகு கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தார். கன்னம் நிறைந்து, பழைய அந்தோணி முசே வந்துவிட்டார் என்று கோவில் வாசலில் எல்லாரும் சொன்னார்கள். அந்த ஆசையில் மனுஷர் வாய்க்கு ருசியாகச் சாப்பிட ஆரம்பித்தார். சர்க்கரைக்கு இன்சுலினும் போட ஆரம்பித்தார்கள், உடம்பு மளமளவென்று ஏறியது. வயிற்றில் இருந்த கொழுப்பு எங்கே போனாலும் வயிற்றுக் குணத்தை விடாதாம், ஆள் பெருத்தால் அதுவும் பெருக்குமாம். இதை அந்த கிளினிக்கில் முன்னாலேயே ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் வரும்போது கன்னம் இரண்டும் தாடைக்குக் கீழே வழிந்து தொங்கியது, கண்ணுக்கு அடியில் கட்டி கட்டியாகப் பட்டாணி போட்ட மாதிரி. பேசும்போது அந்தச் சதை தனியாக ஆடும். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே அவருக்குப் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

அந்த கிளினிக்குக்கே மறுபடியும் போனார். இந்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார், ஆபரேஷனுக்குத் துணைக்கு ஆள் வேண்டுமாம். உள்ளே ஏசியும் சென்ட் வாசனையும், சுவரெல்லாம் இளம்பெண்கள் படம். லிப்ஸ்டிக் போட்ட ஒரு பெண் அப்பா கையில் கண்ணாடியைக் கொடுத்து, கன்னத்தைக் காதுப் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாருங்க அங்கிள், இவ்ளோதான், தூக்கித் தைச்சுட்டா பத்து வயசு கொறைஞ்சுடும் என்றாள். போட்டது நீங்கதானே, இப்படித் தொங்கும்னு அப்பவே தெரியாதா என்று நான் கேட்டேன். ஒவ்வொருத்தர் ஒடம்பு ஒவ்வொரு மாரி ஆன்ட்டி என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்பா என்னை முறைத்தார். வாயை மூடிக்கொண்டேன், அதற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

காதுக்கு முன்னாலும் பின்னாலும் அறுத்து, தோலைக் கழற்றி, மேலே இழுத்து, மிச்சத்தை வெட்டித் தைத்தார்கள். தலையைச் சுற்றிக் கட்டு, இரண்டு பக்கமும் ரத்தம் வடியக் குழாய். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு முழுக்க மருந்தும் பழைய ரத்தமும் கலந்த நாற்றம், ஊதுபத்தி ஏற்றினால் அது இன்னும் மோசம். மதியம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன், இடது பக்கம் என் கண் எதிரிலேயே உப்பிக்கொண்டு வந்தது. தொட்டால் கல் மாதிரி. வலியில் அவர் என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கிளினிக்குக்குப் போன் அடித்து அடித்துப் பார்த்தேன், பாட்டுதான் பாடியது. எதிர்வீட்டுக் கன்னியப்பன் காரை எடுத்தார், கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே டூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண், கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எப்படி ஆச்சு, ஆக்சிடென்ட்டா என்று கேட்டாள். அப்பா, ஆமாம்மா, பைக்குலேர்ந்து விழுந்துட்டேன் என்கிறார்! கன்னத்துக்குள் ரத்தம் கட்டிக்கொண்டு நிற்கிறது, அப்போதும் பொய். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. கன்னியப்பன் நிற்கிறார், நர்சுகள் நிற்கிறார்கள், பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள். நான் சத்தமாகவே சொன்னேன், அவுரு விழல டாக்டர், வயசு தெரியக்கூடாதுன்னு மூஞ்சியில கொழுப்பு வச்சாரு, அது தொங்கிப்போச்சின்னு மூஞ்சிய அறுத்துத் தைச்சிக்கிட்டாரு, சர்க்கரைக்கு ஊசி வேற போடுறாரு என்று. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நல்லவேள சொன்னீங்கம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு உடனே பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள். தையலைப் பிரித்துக் கட்டின ரத்தத்தை எடுத்தார்கள். விட்டிருந்தால் அந்தப் பக்கத் தோலே அழுகியிருக்குமாம்.

பிழைத்து வந்தாரே, அதற்கு மாதாவுக்கு நன்றி. ஆனால் இப்போது வீட்டில் இருக்கிற முகம் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை மகளே. ஒரு பக்கம் இழுத்துக் கட்டின பந்தல் துணி மாதிரி, ஒரு பக்கம் லேசாகக் குழி. காது மடல் கீழே இழுபட்டுக் கிடக்கிறது. தாடி முளைக்கிற தோலைக் காதுப்பக்கம் இழுத்துவிட்டதால் இப்போது காதின்மேலும் காதுக்குப் பின்னாலும் தாடி முளைக்கிறது. காலையில் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் காதைச் சவரம் செய்கிறார், ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டுக் கொல்லைக்குப் போய்க் குமட்டினேன். கட்டின புருஷனைப் பார்த்துக் குமட்டுகிறதே என்று என்மேலேயே எனக்கு அருவருப்பு. கன்னத்தைத் தொடாமல், முகம் பார்க்காமல், இத்தனை நாள் மாத்திரை கொடுத்திருக்கிறேன், சோறு போட்டிருக்கிறேன். வாசகம் வாசிப்பதை விட்டுவிட்டார். பூசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறார், பூசை நடுவே ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லும்போது யாராவது திரும்பினால் குனிந்துகொள்கிறார்.

இதற்குமேலும் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. அந்த கிளினிக்காரர்கள் இப்போது போன் எடுக்கிறார்கள். இடது பக்கக் குழியை நிரப்ப இன்னும் கொஞ்சம் கொழுப்பு வைத்தால் சரியாகிவிடுமாம், பிரயாணத்துக்கு முன்னால் முடித்துவிடலாமாம். இவரும் சரி என்று தலையாட்டியிருக்கிறார். நான் அழுதேன், திட்டினேன், உன்னிடம் சொல்லிவிடுவேன் என்றேன். ரூபிகிட்ட சொன்னா நான் பிரான்சுக்கே வரல என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நேற்று சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இடது கன்னத்தில் ஒரு கொசு. வயிறு சிவந்து உருண்டையாகும்வரை குடித்துக்கொண்டிருக்கிறது, இவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறார். பார்க்கச் சகிக்காமல் பளாரென்று ஓர் அடி அடித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கன்னத்தில் என் கை பட்டது அதுதான் முதல் தடவை. அவர் சத்தத்துக்குத்தான் திடுக்கிட்டார். இன்னா ஞானம், எங்க சத்தம் என்று கேட்டார். கொசு, உங்கமேலதான் அடிச்சேன் என்றேன். நம்பாமல் என் உள்ளங்கையைப் பிடித்து அந்த ரத்தத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல ஞானம் என்றார். நான் முந்தானையால் துடைத்தேன், கையை எடுக்காமல் வைத்திருந்தேன். தோல் மெழுகு மாதிரி வழுவழுப்பாக, ஆனால் சூடாக இருந்தது. குமட்டவில்லை. இன்னமும் அந்தக் கொழுப்பு ஊசிக்குப் போவீங்களா என்று கேட்டேன். பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, இந்த மூஞ்சோட வந்தா ரூபி இன்னா சொல்லுவா என்று கேட்டார்.

அதற்குப் பதில் நீ சொல்ல வேண்டியது மகளே. வருகிற ஞாயிறு பூசை முடிந்து அவரைக் கேமரா முன்னால் உட்கார வைக்கிறேன், வருவார் என்றுதான் தோன்றுகிறது. பாவம் என்று பார்க்காதே, அழகாக இருக்கிறீர்கள் என்று பொய்யும் சொல்லாதே. என்னைக்கு டிக்கெட் போடட்டும்பா என்று கேள்.

வடவத்தை ஈரக் கையோடு எடுக்காதே, பாதியை மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கொடு. லெயாவின் வெள்ளைக் கவுனுக்கு அளவு எழுதி அனுப்பு, இங்கே தைத்து எடுத்து வருகிறேன். நீ வேலைக்கு நடுவே நேரத்துக்குச் சாப்பிடு, உனக்கும் சர்க்கரை வருகிற வயது நெருங்குகிறது, ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொள். ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. லெயாவின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு.

உன்னைப் பார்க்க ஏங்கியிருக்கும் அம்மா,
ஞானமேரி