பத்துக்கு இரண்டு

மதுரை, ஆஸ்பத்திரி வராந்தா,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சரண்யாதேவிக்கு,

அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்கு நடுவே வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

அம்மா காலில் முள் குத்தி, சர்க்கரையால் புண் ஆறாமல் இங்கே சேர்த்தது உனக்குத் தெரியும். இந்த வார்டில் டாக்டரும் நர்சும் சேர்ந்தே வந்து பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் புண் சீக்கிரம் ஆறுகிறதா என்று கவனித்து எழுதுகிறார்களாம். அதற்காக முனீஸ்வரி என்ற நர்ஸ் தினமும் காகிதத்தோடு வந்து, "வலி பத்துக்கு எம்புட்டும்மா?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டே கேட்பாள். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்துக் கட்டில் சங்கிலி எட்டு என்றார். மறுநாளே அவர் காலை எடுத்துவிட்டார்கள். பெரிய எண் சொல்கிறவர்களைப் பொறுக்கித்தான் கத்தி வைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். எவ்வளவு வலித்தாலும் இரண்டு என்றே சொல் என்று அம்மாவுக்குக் கட்டளை போட்டேன். மூன்று நாளும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டு என்றாள்.

நேற்று முனீஸ்வரி எண்ணை எழுதியதும் போய்விடவில்லை. கெண்டைக்காலில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். உடனே டாக்டரைக் கூப்பிடக் கிளம்பினாள். இரண்டுதானே, டாக்டர் எதற்கு என்று மறித்தேன். "ரெண்டுன்னா முந்தியக் கடிச்சுக்கிட்டா படுத்திருப்பாக? தள்ளுங்கய்யா" என்றாள்.

ஒரு மணி நேரத்தில் அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். சுண்டுவிரல் போய்விட்டது. கால் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் முழங்கால் வரை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அப்போதும் நம்பாமல் சங்கிலியிடம் போய் விசாரித்தேன். என் புத்தி அப்படி. அவர் வலியை வெளியே சொல்லாமல் நாள் கடத்திவிட்டுத்தான் வந்தாராம்.

இன்று காலை முனீஸ்வரியிடம், அந்த எண்ணெல்லாம் நான் சொல்லச் சொன்னது என்று ஒப்புக்கொண்டேன். இல்லாவிட்டால் வலியைக் கவனிக்கவில்லை என்று அவளைத்தானே பிடிப்பார்கள்? அவள் திட்டவில்லை. ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன், மறைத்துக்கொண்டாள். பிறகு என்னை வராந்தாவில் நிறுத்திவிட்டு அம்மாவிடம் கேட்டாள். அம்மா ஏழு என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அம்மா என்னைப் பார்த்ததும், சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

உன் கைபட்டவர்கள் எல்லாரும் நடந்து வீடு போகட்டும், தாயி. உன் வார்டிலும் என்னைப் போல ஒருவன் கட்டிலை ஒட்டி நிற்பான். பாசக்காரன் மாதிரிதான் தெரிவான். அவனை வெளியே அனுப்பிவிட்டுக் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கப்பாண்டி