ஸ்ஃபெர்ராகவால்லோவில் நீ மாட்டிய படங்கள்

இன்று காலை நகரத்து லிபெர்த்தா வீதி வீட்டில், நான் பராமரிக்கிற கிழவருக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, கீழ்மாடியில் யாரோ பழைய கதவொன்றின் வர்ணத்தை நெருப்புக் காட்டி உரித்தார்கள். கருகிய வர்ணத்தின் நெடி படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளறையிலிருந்து கிழவர் கூப்பிட்டபடியே இருந்தார். உடனே போக முடியவில்லை. நான் உன்னோடு இருந்தேன்.

நீ முதன்முதலில் ஸ்ஃபெர்ராகவால்லோக் கரையில் நான் வேலை செய்த உணவகத்தின் சமையலறைக்குள் வந்தபோது நான் மட்டி கழுவிக்கொண்டிருந்தேன். தன் ஒன்றுவிட்ட அண்ணனின் மகன் அமெரிக்காவிலிருந்து வருகிறான் என்று முதலாளியம்மா ரோசாலியா சொல்லியிருந்தார். கோட்டும் சூட்டுமாக ஒருவனை எதிர்பார்த்தோம். நீ மீனவர்கள் போடும் றப்பர் சப்பாத்தோடு வந்து, எனக்குப் பக்கத்தில் குந்தி, கேட்காமலே ஒரு கத்தியை எடுத்தாய்.

உன் தாத்தா சிசிலியின் இந்தக் கரையிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போனவர். நீ பிறந்தது அங்கே. உங்கள் வீட்டில் காத்துவைத்திருந்த சிசிலியப் பேச்சு இங்கே வழக்கொழிந்து போயிருந்தது. வலையின் ஓரத்துக்கு நீ சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு, கரையிலிருந்த கிழவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். செத்துப்போன தன் தகப்பன் கதைத்ததுபோல இருந்தது என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார். என்னை நீ ‘கொம்பாரே’ என்றாய். நெருங்கிய தோழனை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். என் இத்தாலியனும் உன் சிசிலியனும் எப்படியோ ஒத்துப்போயின. நீ சொன்னதெல்லாம் இப்போது எங்கள் தமிழில்தான் என் காதில் கேட்கிறது.

ஒரு மத்தியானம் கடற்பாறையில் இருந்தபடி, உன் தாத்தாவின் படகைப் பற்றிச் சொன்னாய்.

“அங்கை எங்கடை ஆக்கள்தான் மீன்பிடியை வளர்த்தவை. கரை முழுக்க அவையின்ரை படகுகள். பிறகு இத்தாலியோடை சண்டை வந்திட்டுது. இத்தாலியிலை பிறந்தவன் எதிரி எண்டு சொல்லி, படகைப் பறிச்சு, கரைப்பக்கம் வரக் கூடாதெண்டு கலைச்சுப் போட்டினம். அந்த நேரம் அவற்றை மகன், என்ரை அப்பா, அதே அமெரிக்காவின்ரை ஆமி உடுப்போடை சண்டைக்குப் போயிருந்தவர்.”

“எங்கடை ஊர் குருநகரிலையும் ஆமி கடலுக்குப் போக விடுறேல்லை” என்றேன்.

“ஓம். அதுதான் உனக்குச் சொல்லுறன்.”

அதற்குப் பிறகுதான், கரையைவிட்டுப் போனவர்களைக் கொண்டாட உணவகத்தில் ஒரு விருந்து வைக்கும் யோசனை உனக்கு வந்தது. இங்கிருந்து போனவர்களைப் பற்றி இங்கே இருக்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது என்று மனம் புழுங்கினாய். வீடு வீடாகப் போனாய். மலையைக் குடைந்து ரயில்பாதை போட்டவனின் படம், தையல் ஆலையில் சம்பளத்துக்காகப் போராடிய பெண்ணின் படம், ஒரு பேக்கரிக்கு முன்னால் மாவு படிந்த கையோடு சிரிக்கும் சகோதரர்களின் படம் என்று எல்லாவற்றையும் இரவல் வாங்கி வந்து உணவகச் சுவரில் மாட்டினாய். எதிர்வீட்டு விதவை கார்மேலா, நியூயோர்க்கில் பாலம் கட்டப்போய் விழுந்து செத்த தன் அண்ணனின் கலியாணப் படத்தைத் தந்தார். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அந்தக் கிழமைதான், கரையில் எல்லோரும் பயந்து வழிவிடும் அந்த மனிதர் சாப்பிட வந்தார். வெளுத்த சேட்டு, மென்மையான குரல். சுவரைப் பார்த்தபடி ஒரு தோடம்பழத்தை மெதுவாக உரித்தார்.

“வடிவாய் இருக்கு. ஆரைக் கேட்டுச் செய்யிறீர்?”

“படத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்டனான்” என்றாய் நீ.

“இந்தக் கரையிலை நாலு பேரைக் கூட்டிறதெண்டால் முதல்லை கேக்கிறது வழக்கம். நீர் வெளியிலையிருந்து வந்தனீர், தெரியாது.”

“என்ரை தாத்தா இஞ்சை பிறந்தவர்.”

அவர் தோலை ஒழுங்காகத் தட்டின் ஓரத்தில் அடுக்கிவிட்டு எழுந்தார். ரோசாலியா அவரிடம் காசு வாங்கவில்லை. மறுநாள் கதவுப் பூட்டுக்குள் பசை ஊற்றியிருந்தது. அது மாஃபியாவின் எச்சரிக்கை என்று இந்த நகரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர்களை விசாரித்த நீதிபதிகளைக் குண்டு வைத்துக் கொன்று அதிக காலம் ஆகவில்லை. பல்கனிகளில் வெள்ளைத் துணி தொங்கவிட்டுக் கோபம் காட்டியவர்களும் மறுபடி தங்கள் பாட்டைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். விருந்தை விட்டுவிடச் சொல்லி ரோசாலியா கெஞ்சினார். நானும் சொன்னேன். நீ ஊசி ஒன்றை எடுத்துப் பூட்டைக் குடைந்துகொண்டே, “படத்தைத் திருப்பிக் குடுக்கேக்கை நான் என்னெண்டு சொல்லுறது?” என்று கேட்டாய்.

விருந்துக்கு முதல்நாள் மத்தியானம். கடும் வெயில். சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே ஜன்னல் சாத்தி உறங்கும் நேரம். நாங்கள் இருவரும் பின்பக்கக் குழாயடியில் நின்றோம். முன்பக்கம் கண்ணாடி உடைந்து, உள்ளே தீ குப்பென்று எழுந்தது. நான் மூலையால் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் காரை நோக்கிப் போனார்கள். ஓடவில்லை, கடைக்குப் போய் வருகிறவர்களைப்போல நடந்தார்கள். ஒருவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

அதற்குள் நீ பின்ஜன்னலை உடைத்து உள்ளே இறங்கிவிட்டாய். ஒவ்வொரு படமாக நீட்டினாய், நான் வாங்கிக் கல்லில் வைத்தேன். புகை தடித்தது. ‘நெருப்பு, நெருப்பு’ என்று கத்தினேன். தெருவில் ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. “போதும், வா” என்றேன்.

“கார்மேலாவின்ரை இன்னும் உள்ளை கிடக்கு” என்றாய்.

பிறகு கூரைப்பலகை விழுந்த சத்தம். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு இறங்கி, தவழ்ந்து, கையில் தட்டுப்பட்ட உன் சப்பாத்தைப் பிடித்து இழுத்தேன். அந்தப் படத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாய்.

ஆஸ்பத்திரியில் உனக்குக் குரல் இல்லை. வாயருகில் காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. “படங்களைக் குடுத்திட்டியே?” என்றாய். “ஓம், குடுத்திட்டன்” என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய். அந்தக் கிழமை முடியுமுன்னர் போய்விட்டாய்.

உன் அடக்கத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்றுதான் நானும் என் மனைவி மெற்றில்டாவும் எங்கள் தமிழ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனோம். கோவில் முற்றம் நிறைந்திருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீ கொண்டாட நினைத்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

அந்த மனிதரும் வந்தார். தொப்பியைக் கழற்றி, ரோசாலியாவின் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். பிறகு என்னிடம் வந்தார்.

“நீரும் அண்டைக்கு நிண்டனீராம். என்ன கண்டனீர்?” நான் பதில் சொல்லுமுன் குரலைத் தாழ்த்தி, “இஞ்சை இருக்கிறதுக்கான உம்முடைய பெர்மெஸ்ஸோ எப்ப முடியுது?” என்று கேட்டார்.

மெற்றில்டா என் கையை இறுக்கினாள். பேசாதே என்கிறாள் என்று நினைத்தேன். அவளோ, “சொல்லுங்கோ” என்றாள்.

“ரெண்டு பேரைக் கண்டனான். ஒருத்தன்ரை முகம் தெரியும்” என்றேன்.

பின்னாலிருந்து கார்மேலாவின் குரல் வந்தது. “நானும் ஜன்னல் இடுக்காலை கண்டனான்.” சற்றுப் பொறுத்து இன்னொரு குரல். பிறகு ஒரு ஆணின் குரல். அந்த மனிதர் ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்த்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

நாங்கள் நால்வரும் குவெஸ்தூராவில் பொலிசுக்கு வாக்குமூலம் கொடுத்தோம். என்னைத் திரும்பிப் பார்த்தவன் சிறையில் இருக்கிறான். மற்றவன் அகப்படவில்லை. ரோசாலியா உணவகத்தை மறுபடி திறக்கவில்லை, மகளோடு வடக்கே போய்விட்டார். அந்த மனிதர் மீது எந்தக் குற்றமும் சுமத்தப்படவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் வீதியில் எதிர்ப்படுவார். என் மகளின் பெயரைச் சொல்லிச் சுகம் விசாரிப்பார். நாங்கள் ஒருநாளும் அவருக்கு அவள் பெயரைச் சொன்னதில்லை.

ஆகவே, பயம் போய்விட்டது என்று உனக்கு எழுத மாட்டேன். அதையும் சுமந்துகொண்டுதான் வேலைக்குப் போகிறேன். ஆனால் எங்கள் ஆட்கள் சிலர் இன்னமும் கேட்கிறார்கள், ஏன் ஒரு வெளியாளுக்காக இவ்வளவு ஆபத்தைத் தேடிக்கொண்டாய் என்று. அவர்களுக்கு உன் தாத்தாவின் படகைப் பற்றிச் சொல்கிறேன். முழுவதையும் சொல்லி முடித்தபின், “அவன் எங்கடை ஆள்” என்கிறேன்.