மத்தியானம் சுவரைப் பார்த்து நிற்கிற நாய்கள்

என் பிரியமுள்ள மைமூன் அக்காவுக்கு,

பேட்டையில் உங்கள் பக்கத்து வீட்டுக் கோமதி எழுதுகிறேன். அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன இடத்தில் முழங்கால் வலி இருக்காது என்று உங்கள் மருமகள் பாத்திமா சொல்கிறாள்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நீட்டி எழுதிப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டில் இருந்தவருக்கு எதற்குக் கடிதம்? சுவர்ப் பக்கம் வந்து கூப்பிட்டால் போதும். இப்போது கூப்பிட்டால் நீங்கள் வரமாட்டீர்கள். கேட்கவேண்டியதோ நிறைய இருக்கிறது. மனசு ஒரே குழப்பமாக இருக்கிறது அக்கா. படிக்கிற மற்றவர்களும் படித்துவிட்டுப் போகட்டும். யாருக்காவது விடை தெரிந்தால் நல்லதுதான்.

உங்களுக்கு நாற்பதாம் நாள் ஓதி எங்கள் வீட்டுக்கும் சோறு வந்தது. அதற்கு முன்னாலேயே எங்கள் வீட்டில் தகராறு தொடங்கிவிட்டது. எல்லாம் மணியாலும் கருப்பியாலும்தான்.

என் பேத்தி பிரியா அந்த இரண்டு நாய்களையும் எப்படி வைத்திருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். வண்டியில் அடிபட்டுக் கிடந்த மணியை அவள்தான் தூக்கி வந்தாள். கருப்பி அதன் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது. மகனும் மருமகளும் திருப்பூரில். இங்கே நானும் அவளும்தான். நான் விடிந்ததும் டவுனில் சாப்பாட்டுக் கடைக்குக் காய் நறுக்கப் போனால் சாயங்காலம்தான் வருவேன். அவளுக்கு வண்ணார்பேட்டையில் ஸ்கேன் எடுக்கிற இடத்தில் முழுநேர வேலை. காலையில் இரண்டையும் வாய்க்கால் கரை வரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து, பின்கட்டைக் கழுவி, தண்ணீர் வைத்து, அலுமினியச் சட்டியில் தயிர்ச்சோற்றைப் பிசைந்து முருங்கை நிழலில் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். இருட்டுகிற நேரம் வந்து மறுபடியும் நடத்துவாள், உண்ணி எடுப்பாள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. பகல் முழுக்க நாய்கள் ஒரு சத்தம் போட்டதில்லை. சாயங்காலம் பார்த்தால் சட்டி நக்கி வைத்ததுபோல் சுத்தமாக இருக்கும்.

எனக்குப் பெருமை தாங்காது. உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

"ஆபீசையும் பாக்கா, நாயையும் பாக்கா. ஒத்தையில ரெண்டு ஆள் வேலை செய்யுதா அக்கா, என் பேத்தி."

"ஆமாட்டி, ஒன் பேத்திக்குப் பத்துக் கை" என்பீர்கள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பீர்கள். என் பேத்தியைப் பார்த்து உங்களுக்கும் சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

தெருவில் அந்த நாய்கள் எதிரே வந்தால் நீங்கள் துப்பட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டுவீர்கள். "கோமு, ஒன் பிள்ளைகளப் புடிட்டி. மேல பட்டா நான் திரும்பக் குளிக்கணும்" என்பீர்கள். அதனால் நாய் விஷயத்தில் உங்களைச் சேர்த்து நான் நினைத்தே பார்த்ததில்லை.

நீங்கள் போன மறுவாரம் எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து வாசலில் நின்றார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மத்தியானத் தூக்கம் அவருக்கு மருந்து மாதிரி.

"கோமதியக்கா, ஒங்க வீட்டு நாயி ரெண்டும் மத்தியானம் ஆனா ஒப்பாரி வைக்கி. கண்ண மூட முடியல. ஒண்ணு நாயி இருக்கணும், இல்ல நான் இருக்கணும். என்னைய யாரும் வளக்க எடுத்துக்கிட மாட்டாங்க, பாத்துக்கிடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த வாரம் சிரிக்காமல் சொன்னார். அதற்கு அடுத்து அவர் வீட்டு அம்மா வந்து சொன்னாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால் தயிர்ச்சோறு வைத்தபடி இருந்தது. பொங்கிப் புளித்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. கருப்பிக்கு விலா தெரிய ஆரம்பித்தது. பிரியா பயந்துபோய் இரண்டையும் ஆட்டோவில் மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனாள். ஒரு குறையும் இல்லை என்றார். மத்தியானம் வந்து பார்க்க வேலையிடத்தில் அனுமதி கேட்டாள். ஒரு தடவை கொடுத்தார்கள், இரண்டாம் தடவையும் கொடுத்தார்கள். அவளைக் கண்டதும் இரண்டும் அவள் காலையே சுற்றின, ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த தடவை மேலாளர், "நாய்க்குச் சரியில்லைன்னு லீவு கேக்குத மொத ஆளு நீதாம்மா" என்றாராம். அந்த வாரம்தான் முன்மேசைப் பொறுப்பு முழுவதையும் அவளிடம் தரலாம் என்று பேச்சு வந்திருந்தது. அது அப்படியே நின்றது.

ஒரு ராத்திரி சோற்றில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

"ஆச்சி, ரெண்டையும் நான் சரியாத்தான பாத்தேன்? எங்கன தப்பு வந்துச்சு?"

எனக்கு என்ன தெரியும்? நாய் என்றால் தள்ளி நிற்கிறவள் நான். களக்காட்டில் அவளோடு படித்த பிள்ளைக்கு வாழைத்தோட்டம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, வேலையை விட்டுவிட்டு வேறு அரைநாள் வேலை பார்க்கிறேன் என்றாள். விடிவதற்குள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். எங்கள் வீட்டில் மாதச் சம்பளத்துக்கு ஆபீஸ் போன முதல் பிள்ளை அவள். வேலையை விடாதே என்று சொல்ல வாய் வந்தது. மணி நொண்டிக்கொண்டு வந்து அவள் காலடியில் படுத்தது. நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

மறுநாள் நான் கடைக்குப் போகவில்லை. அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்க்க, அடுக்களை ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். காலை முழுக்க நாய்கள் தூங்கின. மத்தியானம் பள்ளிவாசலில் லுகர் தொழுகை முடிகிற நேரம், யாரோ கூப்பிட்டதுபோல் இரண்டும் எழுந்தன. முருங்கை நிழலில் இருந்த சட்டிப் பக்கம் போகவே இல்லை. நேராக உங்கள் வீட்டுப் பக்கத்துச் சுவருக்குப் போய், முன்காலைச் சுவரில் தூக்கி வைத்து நின்றன. வால் ஆடுகிறது. நொண்டிக்காலோடு மணியும் நிற்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு குரல் கொடுத்தன. பிறகு இன்னொன்று. அது குலைப்பு இல்லை அக்கா. ஆளைத் தேடுகிற சத்தம்.

தெருவைச் சுற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். பாத்திமா பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, இந்த நாயி ரெண்டும் ஒங்க சுவத்துல என்னத்தத் தேடுது?"

அவள் தொட்டிலை நிறுத்தினாள். "ஒங்களுக்குத் தெரியாதா கோமதியம்மா?" என்றாள். "மாமியத்தான் தேடுது. தெனமும் மத்தியானம் மாமிதான சோறு போடுவாவ."

"எந்த மாமி?"

"எனக்கு எத்தன மாமி இருக்காவ?"

என்னை நடையில் உட்காரவைத்து எல்லாம் சொன்னாள். ஒரு கோடைக்காலத்தில் தயிர்ச்சோறு வெயிலில் பொங்கிக் கிடந்ததாம். நாய்கள் மோந்து பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் மீன் கொதிக்கிற வாசத்துக்குச் சுவரில் வந்து நின்றனவாம். அன்றைக்குத் தொடங்கியது. புளித்த சோற்றை நீங்கள் சுவருக்கு மேலாக நீளக் கம்பை நீட்டித் தட்டிக் கொட்டிவிடுவீர்களாம், காக்காய் தின்றுவிட்டுப் போகுமாம். அதனால்தான் சாயங்காலம் சட்டி சுத்தமாக இருந்திருக்கிறது. பிறகு சுடுசோற்றில் மீன்சாறு விட்டு, முள் எடுத்து, இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் வைத்து, துவைகல்லில் ஏறி நின்று சுவருக்கு மேலாக இறக்கிப் பிடித்துக்கொள்வீர்களாம்.

"மொதல்ல நானும் மெரண்டு போனேன்" என்றாள் பாத்திமா. "மாமி, நமக்கு ஆகாதுல்லான்னேன். 'வீட்டுக்குள்ள வச்சுக் கொஞ்சத்தான்ட்டி ஆகாது. பசின்னு வந்து நிக்குத வாய்க்குப் போடாதன்னு யாரு சொன்னா'ன்னாவ. போட்டு முடிச்சுட்டு, நாயி எச்சி பட்ட கைய ஏழு தடவ கழுவுவாவ. அதுல ஒரு தடவ மண்ணு போட்டு. அதுக்குன்னே அந்தா அந்த டப்பால மண்ணு அள்ளி வச்சிருப்பாவ."

உங்கள் பின்கட்டுக் குழாயடியில் பழைய பெயிண்ட் டப்பா. அந்த மண்ணைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு கை எடுத்தேன் என்று ஒரு தடவை நீங்கள் என்னைச் சத்தம் போட்டீர்களே. ஒரு கை மண்ணுக்கு இப்படி ஒரு கோபமா என்று இரண்டு நாள் உங்களோடு பேசாமல் இருந்தேன். ஏனம் தேய்க்க வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு தினமும் சுவர் வரை நடந்து, போட்டு, திரும்ப வந்து குந்தி அத்தனை தடவை கழுவியிருக்கிறீர்கள்.

"எங்கிட்ட ஏம்ளா சொல்லல?"

"சொல்லட்டுமான்னு கேட்டேன். 'அவ பேத்தியப் பத்தி எவ்வளவு ஆசையாப் பேசுதா, பேசட்டும்'ன்னுட்டாவ."

இங்கேதான் அக்கா எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. உங்கள் மேல் நான் கோபப்பட வேண்டுமா, உங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டுமா? நான் ஒத்தையில், ஒத்தையில் என்று சொல்லும்போதெல்லாம் நீங்கள் சிரித்தது எந்தச் சிரிப்பு? என்னைப் பார்த்தா, எனக்காகவா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாப்பாட்டுக்கடையில் மிஞ்சுகிற மீனையாவது கொண்டுவந்து கொடுத்திருப்பேனே. அல்லது வெட்கத்தில், "நீங்க ஒண்ணும் போடாண்டாம்" என்று சொல்லியிருப்பேனோ? என்னை நான் அறிவேன். அப்படித்தான் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் சொல்லவில்லையா?

பிரியாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று அடுத்த குழப்பம். சொல்லாமல் இருந்தால், அவள் தன் மேலேயே தப்பு என்று நினைத்து வேலையை விட்டுவிடுவாள். சொன்னால், இத்தனை நாள் செய்தது பாதிதான் என்று உடைந்துபோவாள். சொல்லிவிட்டேன். அவள் மணியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நான் சமாளிக்கவே இல்லையா ஆச்சி?"

"ஒங்கப்பன் சின்னப் பிள்ளையில நானுந்தான் வேலைக்குப் போனேன். தொட்டில மைமூன் அக்காதான் ஆட்டுனாவ. அப்ப நான் பிள்ள வளக்கலையா?"

"அது பிள்ள ஆச்சி. எல்லாரும் எடுத்துக் கொஞ்சுவாங்க. நாய நானா ஆசப்பட்டுக் கொண்டுவந்தேன். அதுக்கு அடுத்தவங்க ஏன் குந்தி எந்திரிக்கணும்?"

இதற்கு என்ன சொல்வது அக்கா? உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்று மட்டும் தோன்றியது. கடை முதலாளியிடம் போய், "அண்ணாச்சி, நான் இருட்டோட வந்து காயெல்லாம் நறுக்கிப் போட்டுட்டு மத்தியானம் வீட்டுக்குப் போயிருதேன், சாயங்காலம் வந்து ராத்திரிக்கு வெங்காயம் உரிச்சுத் தாரேன்" என்றேன். "வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். நாய்க்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

முதல் நாள் நானே சுடுசோறும் மீன்சாறும் பிசைந்து, முருங்கை நிழலில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் சுவரைப் பார்த்தே நின்றன. சட்டியைச் சுவரடிக்கே நகர்த்தினேன். அப்போதும் அண்ணாந்து உங்கள் பக்கத்தையே பார்த்தன. என் வீட்டு நாய்க்கு என் கை தெரியவில்லை.

மறுநாள் சோற்றை இரண்டு சிரட்டையில் போட்டு எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி உங்கள் வீட்டுக்கு வந்தேன். பாத்திமாவுக்கு நாய் என்றால் நடுக்கம். கதவைத் திறந்துவிட்டுப் பிள்ளையோடு உள்ளே போய்விட்டாள். நீங்கள் நின்ற துவைகல்லில் ஏறி, சுவருக்கு மேலாகச் சிரட்டையை இறக்கினேன். அக்கா, இரண்டும் தின்றன. கருப்பி என் விரலையும் சேர்த்து நக்கியது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் சிரட்டை காலி.

எதிர்வீட்டு அண்ணாச்சி நான் தெருவில் சோற்றோடு போகிறதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "சொந்த வீட்டு நாய்க்கு அடுத்த வீட்டுல நின்னு சோறு போடுத ஆள இப்பத்தான் பாக்கேன். என்ன கணக்கு இது?"

"எனக்கும் தெரியல அண்ணாச்சி. நீங்க போய்ப் படுங்க" என்றேன். போய்ப் படுத்தார். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை.

களக்காட்டுப் பேச்சு இப்போதைக்கு இல்லை. முன்மேசைப் பொறுப்பு வேண்டுமா என்று பிரியாவிடம் மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு வந்து, "ஆச்சி, இப்ப நீ குந்தி எந்திரிக்கணுமே" என்று என் முகத்தையே பார்த்தாள். நான் பார்க்காததுபோல் அரிசி களைந்தேன். எனக்கும் வயசாகிறது. இது எத்தனை நாளைக்கு ஓடும்? என் உடம்பு முடியாமல் போனால் அப்போது யார்? அவள் வேலை பெரிதாகப் பெரிதாக மத்தியானம் இன்னும் தூரமாகப் போகுமே, அதற்கு என்ன செய்வது? யோசித்தால் தலை சுற்றுகிறது. அதனால் ஒரு மத்தியானத்துக்கு மேல் யோசிப்பதில்லை.

நீங்கள் நின்ற இடத்தில் நின்று பார்த்தால் என் வீடு வேறு மாதிரித் தெரிகிறது அக்கா. என் கொடியில் காய்கிற துணி, என் அடுக்களை ஜன்னல், எல்லாம் யாரோ ஒருத்தியின் வீடு மாதிரி. அங்கே நின்றுகொண்டு நீங்கள் என்னவெல்லாம் பார்த்தீர்களோ.

ஒரு வாக்கு தருகிறேன். என் கால் நடக்கிற வரை, லுகர் முடிகிற நேரத்தில் உங்கள் துவைகல்லின் மேல் ஆள் நிற்கும். மணியும் கருப்பியும் என்றாவது ஒரு நாள் சுவரை விட்டு என் அடுக்களைப் பக்கம் திரும்பினால், அன்றைக்கு வந்து சொல்கிறேன். திரும்பாவிட்டாலும் போகட்டும். சுற்றிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சுவருக்கு இந்தப் பக்கத்துத் தங்கச்சி,
கோமு