வெங்கடசாமி கடைக் கள்ளுக்குடம்

ஓசூர்
12-9-1955

அன்பு மகன் முனிவேலுக்கு உன் அம்மா வெள்ளையம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதச் சொன்னது. நானும் மாடுகளும் சுகம், உன் அப்பாவும் முந்தாநாள் முதல் சுகம். பம்பாய் மழையில் உன் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறது என்று எழுது, ஈரச் சட்டையோடு மில்லுக்குப் போகாதே.

வெங்கடசாமியை விட்டுவிடு அம்மா, பேக்கரிக்காரன் நமக்குத் தெரிந்தவன்தானே என்று எழுதியிருந்தாய். உனக்குப் பாதிதான் தெரியும் கண்ணு. அவன் ரொட்டி மாவு பொங்கக் கள் வேண்டும், நம் பக்கம் மதுவிலக்கு. பெங்களூர் மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் இறக்கிவிட்டுத் திரும்பும்போது மைசூர்ப் பக்கம் அத்திப்பள்ளிக் கள்ளுக்கடையில் ஒரு குடம் ஏற்றி வந்து அவனுக்குக் கொடுத்தது உன் அப்பாதான். குடிக்கவா கொண்டு வருகிறோம், ரொட்டிக்குத்தானே, இதில் என்ன குற்றம் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். எல்லையில் போலீஸ்காரர்கள் வண்டியை மடக்கியபோது அவர் அதையே சொல்லியிருக்கிறார். வெங்கடசாமியைக் கூப்பிட்டுக் கேட்டால், நான் பெங்களூர் ஈஸ்ட் போடுகிறவன் சாமி, இவன் தனக்குக் குடிக்க வாங்கியிருப்பான் என்று சொல்லிவிட்டான். ஒரு சொட்டு வாயில் வைக்காத மனுஷன். ஜாமீனில் வந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். தெருவில் உன் அப்பாவுக்குக் கள்ளுக்குடம் திம்மராயன் என்று பேரே வைத்துவிட்டார்கள்.

சும்மா இருப்பேனா. வண்டிக்காரர் வீட்டுப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியிடமும் போனேன், இன்றைக்கு என் வீட்டுக்காரர், நாளைக்கு உன் வீட்டுக்காரர் என்றேன். அப்புறம் ஒரு வண்டியும் அவனுக்குக் குடம் ஏற்றவில்லை. உருளைக்கிழங்கை வேகவைத்துப் புளிக்கவிட்டுப் பார்த்தானாம், ரொட்டியும் பன்னும் செங்கல்லாக வந்தன. காரம் வைத்த பப்ஸுக்குப் புளிப்பு வேண்டாம் என்பதால் அது மட்டும் தப்பித்தது. தினமும் காலையில் கூட்டம் இருக்கிற நேரம் பார்த்துப் போவேன். ஒரு ரொட்டி கேட்டு வாங்கி, எல்லாரும் பார்க்கக் கட்டைவிரலால் அமுக்கி, ஏனப்பா, உன் பெங்களூர் ஈஸ்ட் என்ன ஆச்சு என்று கேட்டு அங்கேயே வைத்துவிட்டு வருவேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்காகவே விடியக் காத்திருப்பேன்.

கடைசியில் வீட்டுக்கே வந்தான். அக்கா, ஒரே ஒரு குடம், எப்படியாவது என்றான். சந்தை நாளில் உன் கடைப் படியில் நின்று கள் உன்னுடையது என்று சொல் என்றேன். சொன்னால் என் கதை முடிந்துவிடும் அக்கா என்று அழுதான். என் வீட்டுக்காரர் கதை முடிந்தபோது உன் கடை திறந்துதானே இருந்தது என்றேன். சந்தையன்று சொன்னான். தமிழில் சொன்னான், போதாது என்று தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்ல வைத்தேன், சந்தைக்கு எல்லாரும்தானே வருகிறார்கள். சாயங்காலமே போலீஸ்காரர்கள் வந்து அவனைக் கூட்டிப் போனார்கள். கடை பூட்டிக் கிடக்கிறது. பாவம் என்று தோன்றும் என நினைத்தேன், தோன்றவில்லை. இதை எழுத வேண்டாமே என்று எழுதுகிற மாரிசாமி வாத்தியார் பேனாவை நிறுத்துகிறார், எழுதுங்கள் என்றேன்.

மறுநாள் அப்பா எழுந்து தலைப்பாகை கட்டி வண்டி பூட்டினார். நானும் ஏறிக்கொண்டேன். கடைக்கு நேர் எதிரே வண்டியை நிறுத்தி மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்றார். வாளியைக் கொண்டு வந்தவள் வெங்கடசாமி பெண்டாட்டி மங்கம்மா. அப்பா வாங்கி மாட்டுக்குக் காட்டினார், தலை குனிந்துகொண்டார். நான் குனியவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோர்ட்டில் என்ன ஆகும் என்று தெரியவில்லை. மாரியம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் ஞாபகம் வை. அவன் திரும்பி வந்து கடை திறக்கலாம். உன் அப்பா இளகின மனசுக்காரர், மன்னித்துவிடுவார். எங்களுக்குப் பிறகு வண்டி உன்னுடையது. அந்த வண்டி அவன் வாசலில் எதையும் இறக்கக் கூடாது, அவன் பிள்ளைகள் காலத்திலும் கூடாது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற வெள்ளையம்மா
(கைநாட்டு)