பௌர்ணமிக்கு அம்மை

14 மார்ச் 1961, செவ்வாய்

என் பெண் வள்ளிக்கு அம்மை போட்டு நாலு நாள். சிறுநீரக வியாதிக்கு வேலூர் டாக்டர் கொடுத்த மாத்திரையால் ஏற்கெனவே அவள் முகம் வட்டமாக உப்பியிருந்தது. அவளைப் பௌர்ணமி என்று கூப்பிட்டு, கட்டிலைச் சுற்றிக் கிரிவலம் வந்து சிரிக்க வைத்த கோமாளி நான்தான். அம்மன் வந்த வீட்டில் மருந்து ஆகாது என்றாள் மனைவி. எட்டாவது வரை படித்த நானும் தலையாட்டி மாத்திரையை நிறுத்தினேன்.

இன்று உள்ளூர் டாக்டர் வேப்பிலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காதுங்க."

"குடுத்தா?"

"நோயை எதிர்க்கிற சக்தியைக் கம்மி பண்ற மாத்திரை அது. அதனாலதான் அம்மை இவ்ளோ ஜாஸ்தி. ஆனா குடுத்துதான் ஆகணும்."

நல்லதாக ஒரு வார்த்தை சொல்வார் என்று வாசல் வரை போனேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மனைவி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மாத்திரையைக் கரைத்து வந்தாள். வள்ளிக்கு வாயெல்லாம் கொப்புளம். ஊற்றியது அத்தனையும் தலையணையில் வழிந்தது.

"சுத்தி வாப்பா" என்றாள்.

சுற்றினேன். மூன்றாம் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கமா மயக்கமா, எட்டாவதில் அது சொல்லித் தரவில்லை.