ரக்ஷனா குதிக்கவில்லை

செப்டம்பர் 9, செவ்வாய்

மாவுக்கட்டு போட்டு மூன்றாம் நாள். தொடையில் தொடங்கிக் கால்விரல் வரை ஊதா நிறம். நிறத்தை மட்டும் ரக்ஷனாவே தேர்ந்தெடுத்தாள். மூன்றரை வயதுப் பிள்ளை இவ்வளவு கனக்கும் என்று யார் நினைத்தார்கள்? காலையிலிருந்து ஏழு தடவை கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அதில் நான்கு தடவை சும்மா. உட்கார வைத்ததும் "வரலப்பா" என்கிறாள்.

வித்யாவுக்குக் காலை ஷிப்ட். மருத்துவமனையில் தாதிகள் பற்றாக்குறையாம், அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் எடுத்தேன். லிஃப்ட் பழுது பார்க்கிறவன் ஒருவன் வராவிட்டால் ஆங் மோ கியோ வட்டாரம் நின்றுவிடாது.

எதிர்வீட்டுச் சம்சுன்னிசா அக்கா கஞ்சி கொண்டுவந்தார். மாவுக்கட்டை விரலால் தட்டிப் பார்த்து, "ஏன்டி குதிச்சே, குட்டிக் குரங்கு?" என்றார். ரக்ஷனா என்னைப் பார்த்தாள். நான் கஞ்சியைப் பார்த்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

யாரும் படிக்காத நோட்டிலுமா பொய் சொல்வது?

அவள் குதிக்கவில்லை.

ஞாயிறு காலை வித்யா வேலைக்குக் கிளம்பும்போதே சொன்னாள்: "பெரிய சறுக்குமரத்துல தனியா விடாதீங்க." தனியாக விடவில்லை. மாலை விளையாட்டுத் திடலில் அவளை என் மடியில் உட்காரவைத்து நானும் சேர்ந்து சறுக்கினேன். மடியில் இருந்தால் பத்திரம் என்றுதான் நினைத்தேன். ஒரு கை அவள் வயிற்றைச் சுற்றி. இன்னொரு கையில் கைப்பேசி. வித்யாவுக்கு அனுப்ப வீடியோ. பாதி வழியில் அவள் காலணியின் ரப்பர் சறுக்குமரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. தனியாக வந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பாள். என் எண்பது கிலோ நிற்கவில்லை.

வீடியோ பதினொரு விநாடி. முதல் எட்டு விநாடி இரண்டு பேரும் சிரிக்கிறோம். அதை அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். அதே நேரம் வித்யா சீருடையோடு ஓடிவந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது: "சறுக்குமரத்துலேர்ந்து குதிச்சிட்டா." டாக்டர் இன்னொரு முறை கேட்டார். அதையே சொன்னேன். அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது?

செப்டம்பர் 14, ஞாயிறு

அரிப்பு, அரிப்பு, அரிப்பு. தலைமுடி உலர்த்தும் கருவியைக் குளிர்காற்றில் வைத்துக் கட்டுக்குள் ஊதிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் அழுகை. என் முதுகு என்னுடையது மாதிரியே இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

மேற்பார்வையாளர் முகம்மது யூசுப் அழைத்தார். எப்போது வருவாய் என்று நேராகக் கேட்கவில்லை. பிள்ளை சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று சுற்றி வந்தார். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு முடிந்து என் சொந்த விடுப்பில் ஓடுகிறது, அவருக்கும் தெரியும். வைக்கும்போது, "வீட்டு ஆக்சிடென்டுக்கும் ஒரு ஃபார்ம் போட்டுக் குடுத்துடு லா" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் வேலையில் விரல் கதவிடுக்கில் பட்டால்கூட ஃபார்ம் உண்டு. புதிதாக வருகிற பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். "நடந்தத நடந்த மாதிரி எழுது. பயந்துக்கிட்டு மாத்தி எழுதினே, அதே மாதிரி அடுத்தவனுக்கும் நடக்கும்." பத்து வருடமாக இதைச் சொல்லிவருகிறேன். நல்ல ஆள்தான் நான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கால்சட்டை எதுவும் கட்டின் மேல் ஏறவில்லை. வேலை முடிந்து வித்யா சிராங்கூன் சாலைக்குப் போய் அகலமான பாவாடை நான்கு வாங்கிவந்தாள். சாலை முழுக்கத் தீபாவளி விளக்குப் போட்டுவிட்டார்களாம். அவள் கைப்பேசியில் காட்டிய படத்தை ரக்ஷனா விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

வித்யா வந்ததும் முதலில் அந்தக் காலைத் தலையணைமேல் தூக்கிவைத்து, விரல்களை அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்க்கிறாள். பிறகுதான் பையைக் கீழே வைக்கிறாள். ஏன் குதித்தாய் என்று ரக்ஷனாவை எல்லோரும் கேட்டாகிவிட்டது. அக்கா கேட்டார், பாலர்பள்ளி ஆசிரியை வீடியோ அழைப்பில் கேட்டார், லிஃப்டில் பார்த்த கிழவர்கூடக் கேட்டார். வித்யா மட்டும் ஒரு தடவையும் கேட்கவில்லை. களைப்பு போல.

செப்டம்பர் 27, சனி

மைலோக் கோப்பையைத் தட்டிவிட்டாள். மெத்தை, போர்வை, புதுப் பாவாடை, கட்டின் ஓரம் வரை மைலோ. காலையிலேயே ஒரு தடவை மெத்தை உறை மாற்றியிருந்தேன். கத்திவிட்டேன். இருபது நாளாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் கத்தினேன்.

அவள் அழவில்லை. "சாரிப்பா. நான் குதிச்சிட்டேன்," என்றாள்.

மைலோவுக்கு இல்லை. காலுக்கு. என்னிடமே மன்னிப்புக் கேட்கிறாள்.

நீ குதிக்கலம்மா, அப்பாதான்னு அங்கேயே சொல்லியிருக்கணும். சமையலறை ஜன்னலோரம் வித்யா துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. வாய் வரல. துணி எடுத்துட்டு வந்து மைலோவைத் துடைச்சேன். என்ன மனுஷன் நான்?

அக்டோபர் 2, வியாழன்

பொம்மையின் காலில் டிஷ்யூ சுற்றிவிட்டு, "குதிக்காதேன்னு சொன்னேன்ல. பேட் கேர்ள்," என்று அதட்டிக்கொண்டிருக்கிறாள். அப்படி யாரும் அவளிடம் சொன்னதே இல்லை. அவளாகவே கட்டிக்கொண்டது.

அக்டோபர் 7, செவ்வாய்

கட்டைப் பிரித்தார்கள். கால் மெலிந்து, தோல் உரிந்து, அடையாளமே தெரியவில்லை. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. பிள்ளைகள் தாங்களே நடந்துவிடுவார்கள், வற்புறுத்த வேண்டாம் என்றார் டாக்டர். திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று யூசுப்புக்குச் செய்தி அனுப்பினேன்.

அக்டோபர் 11, சனி

நடக்கவில்லை. நான்கு நாளாக உட்கார்ந்தபடி தரையில் நகர்கிறாள். தூக்கி நிறுத்தினால் அந்தக் காலை மடக்கிக்கொள்கிறாள். வலியா என்றால் இல்லை என்கிறாள்.

இன்று மாலை காதோடு கேட்டேன், ஏன்மா வைக்க மாட்டேங்கிறே என்று.

"கீழ வச்சா அது குதிச்சிடும்பா."

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் வேலைப்பையிலிருந்து வெற்று ஃபார்ம் ஒன்றை எடுத்து நிரப்பினேன். ரக்ஷனா பக்கத்தில் தரையில், வித்யா சோபாவில் துணி மடித்துக்கொண்டு. பத்து வருடப் பழக்கம், பேனா தானாக ஓடியது. இடம்: வீட்டுக்குக் கீழே உள்ள திடல். என்ன நடந்தது: தந்தை பிள்ளையை மடியில் வைத்துச் சறுக்கினார். ஒரு கையில் கைப்பேசி. பிள்ளையின் காலணி ஓரத்தில் சிக்கியது. தந்தையின் எடையால் கால் திருகி உடைந்தது. பிள்ளை குதித்ததாகத் தந்தை சொன்னது பொய்.

அதை அப்படியே சத்தமாக வாசித்தேன். துணி மடிக்கிற சத்தம் நின்றது.

ரக்ஷனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கைப்பேசியில் அந்த வீடியோவைப் போட்டேன். எட்டாவது விநாடியில் நிறுத்தினேன்.

"நான் எங்க இருக்கேன்?"

"அப்பா மடியில."

"குதிக்கலயா?"

"குதிக்கலம்மா. அப்பா மடியில வச்சதால கால் மாட்டிக்கிச்சு. உன் கால் ஒண்ணும் பண்ணல. தப்பு அப்பாவோடது."

இன்னொரு தடவை போடச் சொன்னாள். மொத்தம் ஐந்து தடவை பார்த்தாள்.

அவள் பொம்மையிடம் நகர்ந்த பிறகு வித்யா பேசினாள். "எக்ஸ்ரே பார்த்தப்பவே தெரியும். குதிச்சா இந்த வயசுல எலும்பு இப்படித் திருகி உடையாது. நீங்க மடியில வச்சிருப்பீங்கன்னு அங்கயே நினைச்சேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். ஒரு வாரம், ரெண்டு வாரம். அஞ்சு வாரம் ஆக்கிட்டீங்க." மடித்த துணியை எடுத்து மறுபடியும் மடித்தாள். "இவ இத தன் மேல போட்டுக்கிட்டான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா ஒரு நாள் விட்டிருக்க மாட்டேன்."

அப்புறம் நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மதியம் மருத்துவமனைக்கு அழைத்து, வீடியோ இருப்பதையும் சேர்த்து டாக்டரின் தாதியிடம் சொல்லிவிட்டேன். குறித்துக்கொண்டார்.

அக்டோபர் 14, செவ்வாய்

நான்கு அடி. சோபாவிலிருந்து தொலைக்காட்சி வரை, நொண்டி நொண்டி. நான் லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தபோது வித்யா வீடியோ அனுப்பினாள். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அனுப்பினாளே.

அக்டோபர் 16, வியாழன்

வித்யா "சாப்பிடுங்க" என்றாள். நேற்று அதுகூட இல்லை.

நவம்பர் 15, சனி

இரண்டு மாதத்துக்குப் பிறகு திடலுக்குப் போனோம், மூன்று பேரும். ரக்ஷனா நன்றாக ஓடுகிறாள். நான் ஒரு பெஞ்சில், வித்யா அடுத்த பெஞ்சில்.

பெரிய சறுக்குமரத்தின் உச்சியில் ஒருவர் சின்னப் பையனை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். கையில் கைப்பேசி. நான் எழுந்து ஓடுவதற்குள் ரக்ஷனா கீழே போய் நின்று இரண்டு கையையும் விரித்துவிட்டாள்.

"அங்கிள், மடியில வச்சு வராதீங்க. கால் மாட்டிக்கும். எங்கப்பா அப்படித்தான் என் கால உடைச்சிட்டாரு."

திடலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர் மேலிருந்தே என்னைக் கேட்டார், "நிஜமாவா சார்?"

"ஆமாங்க," என்றேன்.

அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பையனோடு படிவழியாகவே இறங்கி வந்தார். ரக்ஷனா சின்னச் சறுக்குமரத்தில் தனியாக ஏறினாள்.

வித்யா எழுந்து வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பார்க்கிறவங்க எல்லார்கிட்டயும் சொல்றா," என்றேன்.

"சொல்லட்டும்," என்றாள்.